பழைய பைனாகுலர் வாங்கும்போது: அறிகுறி பார்த்துப் போலியையும் பழுதையும் கண்டுபிடிக்கும் வழி

பழைய பைனாகுலரைக் கையில் எடுத்ததும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். மேலே பொறித்திருக்கும் பெயர் உண்மைதானா? உள்ளே இருக்கும் கண்ணாடி இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறதா? இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பேர்போன ஜெர்மன் கம்பெனியான கார்ல் ஸைஸின் அசல் பொருள் என்று தெரிந்த சந்தோஷத்தில், உள்ளே பூஞ்சை படர்ந்திருப்பதைக் கவனிக்காமல் பணம் கொடுப்பவர்கள் உண்டு. நான்கு தூசியைப் பார்த்துப் பயந்து அருமையான அசல் பொருளைத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

கீழே அறிகுறி வாரியாகச் சொல்லியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஜெர்மனியின் யேனா நகரத்து ஸைஸ் பைனாகுலர்களைப் பற்றியவை. நம் ஊர்ப் பழைய சாமான் சந்தைகளில் அதிகம் பேசப்படுவதும் அதிகம் போலி செய்யப்படுவதும் அந்தப் பெயர்தான். போகும்போது ஒரு டார்ச், ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சோதனைக்கும் சூரியனைப் பார்த்துப் பிடிக்க வேண்டாம். கண் போய்விடும்.

பெயரும் காலமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை

போலியைக் காட்டிக்கொடுப்பதில் இதுதான் முதல் அறிகுறி. லென்ஸைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடலாம்.

ஸைஸ் நிறுவனம் 1846-இல் யேனாவில் தொடங்கியது. பிரிசம் (வெளிச்சத்தை உள்ளே திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி) வைத்த பைனாகுலரை அவர்கள் 1894-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்கப் படை தன்னோடு அழைத்துப்போன நிபுணர்கள் மேற்கு ஜெர்மனியில் ஓபர்கோஹன் என்ற ஊரில் ஒரு கம்பெனியை வளர்த்தார்கள். யேனாவில் இருந்த பழைய ஆலை கிழக்கு ஜெர்மனியின் அரசு நிறுவனமானது. கிழக்கு ஜெர்மனி என்ற நாடு இருந்தது 1949 முதல் 1990 வரை மட்டுமே. ஆகவே அந்த நாட்டின் ஜெர்மன் சுருக்கப் பெயரான 'டி.டி.ஆர்' என்ற மூன்று எழுத்து இருக்கும் பைனாகுலரை விற்பவர் 'இது ஹிட்லர் காலத்து மிலிட்டரி சாமான் சார்' என்று சொன்னால், பைனாகுலர் அசலாகவே இருந்தாலும் அவர் சொல்லும் கதை பொய். கதைக்கென்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, 'அவுஸ் யேனா' (யேனாவிலிருந்து) என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெயர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு ஸைஸ்களுக்கும் நடுவே நீண்ட காலம் வழக்கு நடந்தது. மேற்கத்திய நாடுகள் சிலவற்றில் ஸைஸ் என்ற பெயரைப் போட முடியாததால் கிழக்கு ஜெர்மன் பொருள்கள் இப்படிப்பட்ட எழுத்தோடு போயின.

யேனாவின் மாடல் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பெயருக்குப் பின் வரும் எண்களில் முதலாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். டெல்ட்ரின்டெம் 8×30, யெனோப்டெம் 8×30, யெனோப்டெம் 10×50, டெகாரெம் 10×50, பினோக்டெம் 7×50 ஆகியவைதான் அடிக்கடி கண்ணில் படும். யெனோப்டெம் என்று எழுதி, 10-இலிருந்து 30 மடங்கு வரை ஜூம் ஆகும் என்றால் அது யேனாவிலிருந்து வந்ததில்லை.

போர்க்கால ஜெர்மன் ராணுவப் பைனாகுலர்களில் இன்னொரு விஷயம் உண்டு. அப்போது தயாரிப்பாளரின் பெயரை மறைத்து மூன்று எழுத்துக் குறியீடு போட்டார்கள். பி.எல்.சி என்றால் யேனா ஸைஸ். பி.இ.எச் என்றால் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ். சி.ஏ.ஜி என்றால் ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி. 1943-ஆம் வருடத்துப் பொருள் என்று சொல்லி, பெரிய எழுத்தில் கம்பெனி பெயரும் பக்கத்தில் நாஜிக் கழுகுச் சின்னமும் இருந்தால் சந்தேகப்படுங்கள். கழுகைப் பொறித்தால் விலை பல மடங்கு ஏறும் என்பதால், போருக்குப் பின் வந்த சாதாரணப் பைனாகுலர்களில் அதைப் பிற்பாடு வெட்டிவிடுகிறார்கள்.

பிற்பாடு வெட்டியதா என்று கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி போதும். பழைய பெயின்ட்டில் கண்டிப்பாக நாலைந்து கீறல்கள் இருக்கும். ஏதாவது ஒரு கீறல் எழுத்தின் மேல் ஏறிப் போகிறதா என்று தேடுங்கள். எழுத்துக்குள் நிரப்பியிருக்கும் வெள்ளைப் பெயின்ட்டையும் சேர்த்துக் கீறிக்கொண்டு போனால் எழுத்து முதலில் வந்தது, கீறல் அப்புறம் வந்தது. கீறல் எழுத்தின் ஓரத்தில் வந்து அறுபட்டு, எழுத்தின் உள்பக்கம் புது உலோகமாகப் பளபளத்தால், எழுத்துதான் பிந்தியது. ஐம்பது வருஷப் பொருளில் உடம்பெல்லாம் தேய்ந்து, எழுத்து மட்டும் நேற்று வெட்டியதுபோல் இருக்க வாய்ப்பில்லை.

சோவியத் பைனாகுலர்கள் ஸைஸ் வேஷம் போட்டு வருவதும் சகஜம். கண் வைக்கும் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூடித் தகடுகளில்தான் பெயரும் எண்ணும் இருக்கும். பழைய பெயரை ராவிவிட்டுப் புதுப் பெயர் வெட்டினால் அந்தத் தகட்டில் பெயின்ட் தடிமனாகவோ, மற்ற பாகங்களைவிடப் புதிதாகவோ தெரியும். சோவியத் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த வருஷம். உண்மையில் ரஷ்யாவின் கஸான் ஆலையில் செய்த 8×30 நல்ல பைனாகுலர்தான். அதன் சொந்தப் பெயரிலேயே, அதற்குரிய விலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

ஜப்பான் பொருளை ஜெர்மன் பொருளாக விற்பதைப் பிடிப்பது சுலபம். நடுக்கீலின் முன்பக்க முனையில் ஜே.பி அல்லது ஜே.இ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் சின்னதாக அச்சாகியிருக்கிறதா பாருங்கள். போருக்குப் பிந்தைய ஜப்பானியத் தயாரிப்பாளர்களின் குறி அது. அந்தக் குறியோடு ஸைஸ் என்ற பெயரும் சேர்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், பெயர் போலி.

முழுக்கப் பித்தளை, தோல் உறை, 'லண்டன் 1917'

இந்த வகைக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும், ஏனென்றால் இது நம் நாட்டிலேயே நடப்பது. உத்தராகண்டின் ரூர்க்கியில் நில அளவைக் கருவிகளும் பித்தளையில் கப்பல் காலத்துக் கருவிகளின் மாதிரிகளும் செய்கிறார்கள். செய்பவர்கள் அலங்காரப் பொருளாகவே செய்கிறார்கள், அதில் குற்றமில்லை. மூன்றாவது கை, நான்காவது கைக்குப் போகும்போதுதான் அது 'வெள்ளைக்காரத் துரை வைத்திருந்தது' ஆகிவிடுகிறது.

இவற்றில் அடிக்கடி வரும் எழுத்து 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917'. கெல்வின் பாட்டம்லி அண்ட் பெயர்ட், ஹென்றி ஹியூஸ் அண்ட் சன் என்ற இரண்டு கம்பெனிகள் 1947-இல் ஒன்றாகச் சேர்ந்து பிறந்த பெயர்தான் கெல்வின் அண்ட் ஹியூஸ். அந்தப் பெயரில் 1917-இல் எந்தக் கருவியும் வந்திருக்க முடியாது.

அசல் பழைய பைனாகுலர் பளபளவென்று பித்தளை நிறத்தில் வருவது அபூர்வம். பித்தளைப் பாகம் இருந்தாலும் மேலே கறுப்புப் பெயின்ட் இருக்கும். கை படும் விளிம்புகளில் மட்டும் பெயின்ட் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். அந்தத் தேய்மானம் விரல் வைக்கும் இடத்தில் இருக்கிறதா என்று நீங்களே பிடித்துப் பாருங்கள். விரலே படாத மூலையில் தேய்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

லென்ஸ் மாணிக்கம் மாதிரி சிவப்பாக மின்னுகிறது

பழைய பைனாகுலர் என்று சொல்லி முன் லென்ஸ் ரத்தச் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ கண்ணாடி போலப் பிரதிபலித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்புக் கோட்டிங் (லென்ஸின் மேல் பூசும் மெல்லிய படலம்) பிற்காலத்து மலிவுப் பைனாகுலர்களில் பரவியது. சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பார்க்கும் காட்சி பச்சை, நீலம் கலந்து ஜில்லென்று இருக்கும். யேனாவில் அப்படிச் செய்யவில்லை.

ஒரு குழல் விளக்கின் பிரதிபலிப்பை முன் லென்ஸில் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் கோட்டிங் இல்லாத கண்ணாடி. மங்கலான நீலம் அல்லது ஊதா என்றால் ஒற்றை அடுக்குக் கோட்டிங். பச்சையும் ஊதாவும் கலந்து மிக மங்கலாக இருந்தால் பல அடுக்கு. ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா கோட்டிங் முறைக்குக் காப்புரிமை எடுத்தது 1935-இல். அதைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்து போர்க்காலத்திலும் அதற்கடுத்த சில வருஷங்களிலும் வந்தது. 1925-ஆம் வருஷத்துப் பொருள் என்கிறார், லென்ஸ் ஊதாவாக இருக்கிறது என்றால் வருஷம் தப்பு, அல்லது லென்ஸ் மாற்றியது, அல்லது பின்னால் கோட்டிங் போட்டது.

'20×50' என்கிறது, ஆனால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியவில்லை

பைனாகுலரை வெளிச்சமான வானத்தை நோக்கி, கண்ணிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். கண் வைக்கும் லென்ஸின் நடுவே ஒரு சின்ன வெளிச்ச வட்டம் மிதக்கும். ஸ்கேலை ஒட்டிவைத்து அதன் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். முன் லென்ஸின் விட்டத்தை எத்தனை மடங்கோ அதால் வகுத்தால் வருவதுதான் இந்த வட்டம். 8×30 என்றால் 3.75 மில்லிமீட்டர், 10×50 என்றால் 5, 7×50 என்றால் 7-க்குச் சற்று மேல். 20×50 என்று எழுதியதில் வட்டம் 2.5 இருக்க வேண்டும். 5 இருந்தால் அது உண்மையில் 10 மடங்குதான்.

இதில் ஒரு தந்திரமும் செய்வார்கள். முன்னால் 50 மில்லிமீட்டர் லென்ஸை வைத்துவிட்டு, உள்ளே ஒரு வளையம் போட்டுப் பாதி வெளிச்சத்தை அடைத்திருப்பார்கள். கண் வைக்கும் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன் லென்ஸுக்கு மிக அருகே தாளைப் பிடித்தால் வெளிச்சம் வட்டமாக விழும். அது ஏறத்தாழ 50 இருக்க வேண்டும். 35-தான் இருக்கிறது என்றால் அது 35 மில்லிமீட்டர் பைனாகுலர்.

மிதக்கும் வட்டம் முழு வட்டமாக இல்லாமல் ஓரம் சாம்பல் நிறமாகச் சதுரம் போலத் தெரிந்தால் பிரிசம் சற்று மலிவான கண்ணாடி என்று பொருள். அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. பல நல்ல பழைய பைனாகுலர்களும் அப்படித்தான் இருக்கின்றன. வட்டமே மிதக்கவில்லை, அசைத்தாலும் பிடிபடவில்லை என்றால் அது பிரிசம் இல்லாத கலிலேயன் வகை. மூன்று, நான்கு மடங்குக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பார்த்தால் இரண்டு இரண்டாகத் தெரிகிறது, அல்லது சில நிமிஷத்தில் தலை வலிக்கிறது

இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. எங்கோ கீழே விழுந்து பிரிசம் நகர்ந்திருக்கும். பழைய பைனாகுலரில் மிக அதிகம் வரும் பழுது இதுதான். விற்பவர்கள் 'உங்க கண்ணுக்குப் பழகணும் சார்' என்று சொல்லித் தள்ளிவிடுவதும் இதைத்தான். கண் பழகக் கூடாது. பழகிக்கொள்ள முயல்வதால்தான் தலைவலியே வருகிறது.

நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு கிடைமட்டக் கோட்டைத் தேர்ந்தெடுங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், மின்கம்பி எதுவானாலும் சரி. முதலில் சாதாரணமாகப் பாருங்கள். பிறகு ஒரு பக்க முன் லென்ஸைக் கையால் மூடி, ஐந்தாறு வினாடி கழித்துச் சட்டென்று கையை எடுங்கள். எடுத்த நொடியில் காட்சி இரண்டாக இருந்து ஒன்றாக இழுபட்டுச் சேர்ந்தால் சீரமைப்பு போயிருக்கிறது, மூளைதான் இழுத்துச் சேர்க்கிறது.

அப்புறம் பைனாகுலரை மெதுவாக முகத்திலிருந்து ஒரு சாண் தூரம் விலக்குங்கள். இப்போது இரண்டு தனி வட்டங்கள் தெரியும். இரண்டிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒன்றில் மேலும் மற்றதில் கீழுமாகப் படிக்கட்டு போலத் தெரிந்தால் வாங்க வேண்டாம். பக்கவாட்டில் சற்று விலகியிருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும், மேல்கீழ் விலகலைப் பொறுக்காது.

இதே சோதனையைக் கீலை முழுக்க மூடியும் முழுக்க விரித்தும் செய்யுங்கள். சிலர் ஒரே ஒரு அகலத்துக்கு மட்டும் சரிசெய்து விற்பார்கள். உங்கள் கண்களின் இடைவெளி அதற்கு ஒத்துப்போனால் தப்பித்தீர்கள், வீட்டில் வேறு யாரும் பயன்படுத்த முடியாது.

இதைச் சரிசெய்ய முடியுமா என்றால் முடியும். யேனா பைனாகுலர்களில் முன் லென்ஸைச் சுற்றி மையம் விலகிய இரட்டை வளையங்கள் இருக்கும், அவற்றைத் திருப்பிச் சீரமைப்பார்கள். ஜப்பானிய வகைகள் பலவற்றில் தோலுக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்க்ரூக்கள் பிரிசத்தைச் சாய்க்கும். இதற்குப் பழகிய கை வேண்டும், அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் மட்டும் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். ஸ்க்ரூத் தலைகள் சிதைந்திருந்தாலோ, வளையக் காடிகளில் புதுக் கீறல் இருந்தாலோ, தோல் ஓரம் கிளம்பியிருந்தாலோ யாரோ ஏற்கெனவே முயன்று விட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

காட்சி புகை மூட்டமாக இருக்கிறது

வெளியே பார்ப்பதை நிறுத்திவிட்டு உள்ளே பாருங்கள். முன் லென்ஸ் வழியாக டார்ச்சைச் சற்றுச் சாய்வாக அடித்து, ஒவ்வோர் ஆழத்திலும் கண்ணை நிறுத்திக் கவனியுங்கள். நான்கு வித அழுக்கு இருக்கலாம்.

சிதறிய புள்ளிகள் என்றால் தூசி. காட்சியைக் கெடுக்காது, மறந்துவிடலாம்.

சீரான வெண்படலம் என்றால் பழைய கிரீஸ் ஆவியாகிப் பிரிசத்தில் படிந்தது. சுத்தம் செய்தால் பெரும்பாலும் போய்விடும். பிரிசத்தைக் கழற்ற வேண்டியிருந்தால் மறுபடி சீரமைக்கவும் வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

வேர் போலக் கிளைவிட்ட நூல்கள் என்றால் பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில் அலமாரியில் அடைந்து கிடந்த பைனாகுலரில் இது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஓரத்தில் சிறிதாக இருந்தால் துடைத்துவிடலாம். நீண்ட நாள் இருந்தது கோட்டிங்கையும் கண்ணாடியையும் அரித்திருக்கும். அப்படியானால் துடைத்த பிறகும் அதே வடிவத்தில் தழும்பு நிற்கும். நடு லென்ஸில் படர்ந்திருந்தால் எவ்வளவு அசலாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ஓரத்தில் வானவில் வளையம், அல்லது பழுப்புக் குமிழி போலத் தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பால்சம் பசை விட்டுப்போகிறது. முழுக்கப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் செலவில் இன்னொரு பைனாகுலரே வாங்கிவிடலாம்.

பழுது போலத் தெரியும், ஆனால் பழுது இல்லை

நடுவில் ஃபோகஸ் சக்கரமே இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம். ராணுவ, கப்பற்படைப் பைனாகுலர்கள் பலவற்றில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருப்ப வேண்டும். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. பறவை பார்ப்பவருக்குத்தான் கஷ்டம், ஒவ்வொரு தடவையும் இரண்டையும் திருப்பி முடிப்பதற்குள் மீன்கொத்தி பறந்துவிடும்.

ஒரு கண்ணில் மட்டும் கோடுகளும் எண்களும் தெரிவது தூரம் கணிப்பதற்கான அளவுகோல். பிரிட்டிஷ் ராணுவத்தின் 6×30-இல், அரசாங்கச் சொத்து என்பதைக் காட்டும் அகன்ற அம்புக்குறியோடு சேர்த்து இதையும் பார்க்கலாம். கிழக்கு ஜெர்மன் ராணுவத்தின் இ.டி.எஃப் 7×40-இல் காட்சி மஞ்சளாக இருப்பதும் அதன் கண்ணாடியின் இயல்புதான். மற்றவற்றில் ஒரு கண் மட்டும் மஞ்சளாக இருந்தால், வேறொரு பைனாகுலரின் பாகத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஃபோகஸ் சக்கரம் இறுகிவிட்டது, அல்லது லொடலொடக்கிறது

இறுகியிருந்தால் பெரும்பாலும் கிரீஸ் காய்ந்ததுதான். பலம் போட்டுத் திருப்பாதீர்கள், மரை போய்விடும். சுத்தம் செய்து புது கிரீஸ் போட்டால் சரியாகிவிடும். இது பேரம் பேச நல்ல காரணம்.

ஃபோகஸ் செய்தபின் கண் பக்கத்துப் பாலத்தை (இரண்டு கண் லென்ஸ்களையும் இணைக்கும் தண்டை) விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அமுங்கி, காட்சி மங்கினால் பாலம் தேய்ந்திருக்கிறது. காதருகே வைத்து மெல்லக் குலுக்கும்போது உள்ளே எதுவோ உருண்டால் பிரிசம் கழன்றிருக்கலாம் அல்லது விளிம்பு உடைந்திருக்கலாம். அதை வைத்துவிடுங்கள்.

குஜராத்தின் அலங்கில் உடைத்த கப்பல்களிலிருந்து வரும் 7×50-களில் உப்புக்காற்றின் வேலையைத் தேட வேண்டும். லென்ஸ் வளையத்துக்கும் உடம்புக்கும் நடுவில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம் அரித்துவிட்டது. அந்த வளையம் இனிக் கழலாது, உள்ளே சுத்தம் செய்யவும் வழியில்லை.

எல்லாம் சரி, ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டால் சின்ன வட்டம்தான் தெரிகிறது

பழைய 8×30-களின் குணம் அது. கண்ணை லென்ஸுக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும். யெனோப்டெம் 8×30 ஆயிரம் மீட்டரில் 150 மீட்டர் அகலம் காட்டும், ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸில் சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டர் பவர் அதிகமாக உள்ளவர்களுக்கு இந்த வகை ஒத்துவராது. அசலா போலியா என்று ஆராய்வதற்கு முன்பே, கண்ணாடியோடு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கையில் இல்லை, போனில் படம் மட்டும்தான் வந்திருக்கிறது

சென்னைப் பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் என்றால் மேலே சொன்ன அத்தனையையும் நின்றுகொண்டே செய்துவிடலாம். ஆன்லைனில் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: இரண்டு மூடித் தகடுகளும் எழுத்து படிக்கும்படி அருகில் எடுத்த படம், முன் லென்ஸில் குழல் விளக்கு பிரதிபலிக்கும் படம், வானத்தைப் பார்த்துப் பிடித்துத் தூரத்திலிருந்து எடுத்த கண் பக்கத்துப் படம், ஒரு குழாய்க்குள் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து எடுத்த படம். கடைசிப் படத்தை இரண்டு குழாய்களுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்று சுத்தமாகவும் மற்றொன்று பூஞ்சையோடும் இருப்பது சகஜம்.

வரிசை எண்ணை அப்படியே இணையத்தில் தேடிப் பாருங்கள். அதே எண் வேறொரு விளம்பரத்தில் வேறொரு உடம்பில் இருந்தால் விஷயம் முடிந்தது. சீரமைப்பு சரியா என்பதைப் படத்தில் பார்க்கவே முடியாது. அதனால் 'இரட்டையாகத் தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன்' என்று எழுத்தில் ஒரு வரி வாங்கிய பிறகு பணத்தை அனுப்புங்கள். அதை எழுத மறுப்பவரிடம் யேனாவே இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.